ஒரே கட்டத்தில் இரண்டு சாவி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்துக் கணக்குப் பிரிவு அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்காக என்பதை இந்த வாரம் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். கணினித் துறையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. "கம்ப்யூட்டரா, அதெல்லாம் நமக்கு வராதுப்பா" என்று ஒதுங்கும் அம்மா அப்பாக்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கணினி உங்களை உள்ளே விடவில்லை என்றால், தப்பு உங்கள் மேல்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நடந்தது 2021-இல், முழு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். அப்போது கிள்ளான் பக்கம் ஒரு லோரிப் போக்குவரத்து நிறுவனத்தில் கணினிப் பொறுப்பு எனக்கு. துறைமுகத்துக்குச் சரக்குப் போய் வருவது நிற்கவில்லை, லோரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அலுவலகத்தில் மட்டும் ஆள் குறைவு. கணக்கு, சம்பளம், பில் எல்லாமே வீட்டிலிருந்து. வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் போக விபிஎன் என்ற வழியைப் பயன்படுத்தினோம். அலுவலகத்து இணைய வாசலில் ஒரு கருவி இருக்கும். அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், சரியாக இருந்தால் உள்ளே விடும்.

ஒருநாள் காலை அந்த வாசலின் பதிவேட்டைப் புரட்டினேன். விடியற்காலை 3 மணிக்கு யாரோ ஒருவர் எங்கள் ஊழியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் வைக்கும் கடவுச்சொற்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெயர், கார் நம்பர், பிறந்த தேதி. ஒருநாள் திறந்துவிடும்.

முதலாளியிடம் போனேன். "ரெண்டாவது பூட்டு ஒண்ணு போடணும், பாஸ்."

"செலவு?"

"அதிகமில்ல. ஆனா எல்லாரும் முணுமுணுப்பாங்க."

"முணுமுணுக்கட்டும். போடு."

வாசலில் ஜாகா, உள்ளே பதிவாளர்

இரண்டாவது பூட்டு என்பது கைப்பேசியில் வரும் 6 இலக்க எண். வங்கிச் செயலியில் நீங்கள் பார்ப்பதைப் போன்றதுதான். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதைப் 'பின்' என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஏடிஎம் அட்டையின் பின் மாறாமல் இருக்கும், இந்தப் பின் 30 வினாடிக்கு ஒருமுறை மாறிவிடும். முதல் நாள் ஒரு கியூஆர் படத்தைக் கைப்பேசியில் பிடிக்கும்போது கைப்பேசிக்கும் சர்வருக்கும் ஒரே இரகசியம் பகிரப்படுகிறது. பிறகு இரண்டும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துத் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. விடை ஒன்றாக இருந்தால் கைப்பேசி உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணம் இந்த முறையை விளக்குகிறது. எண்ணைக் காட்டுவதற்குக் கைப்பேசியில் இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

கடவுச்சொல் தலைக்குள் இருப்பது, பின் கைக்குள் இருப்பது. ஊகித்தோ ஏமாற்றியோ ஒன்றைத் திருடினாலும் மற்றொன்று இல்லாமல் உள்ளே வர முடியாது. திட்டம் இவ்வளவுதான்.

இனி, வாசலில் இருக்கும் கருவியை ஒரு ஜாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை உள்ளே விடுவது என்று அவர் தானாக முடிவெடுப்பதில்லை. வந்தவர் சொன்ன பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளே இருக்கும் ஒரு பதிவாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். பதிவாளர் மூன்றில் ஒரு பதில் சொல்வார்: 'விடு', 'விடாதே', அல்லது 'இன்னொரு கேள்வி கேட்டு வா'. அந்தப் பதிவாளர்தான் ரேடியஸ் சர்வர்.

ரேடியஸ் புதிய சரக்கு இல்லை. மோடம் கீச்சென்று கத்தி இணையத்துக்குள் நுழைந்த காலத்தில், 1991-இல், லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. இன்றும் உலகமெங்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்தில் 'எடுரோம்' வைஃபையில் நுழையும்போது பின்னால் நின்று சரிபார்ப்பதும் ரேடியஸ்தான். நான் பயன்படுத்தியது 1999-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருள்.

சிக்கல் எங்கள் ஜாகாவிடம் இருந்தது. பழைய கருவி. 'இன்னொரு கேள்வி கேட்டு வா' என்று பதிவாளர் சொன்னால் அதற்குப் புரியாது. அதன் திரையில் இரண்டே கட்டங்கள்: பெயருக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று. பின்னுக்கு மூன்றாவது கட்டம் கிடையாது. புதுக் கருவி வாங்க அந்த நேரத்தில் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. கடவுச்சொல்லையும் பின்னையும் ஒட்டி ஒரே கட்டத்தில் எழுதுவது. முன்பு பெரிய நிறுவன ஊழியர்களின் சாவிக்கொத்தில் ஆர்எஸ்ஏ செக்யூர்ஐடி என்ற சிறு கருவி தொங்கும். அதில் தெரியும் எண்ணின் முன்னால், தான் நினைவில் வைத்திருக்கும் பின்னைச் சேர்த்து எழுதுவார்கள். அதே கதைதான். உங்கள் கடவுச்சொல் 'மாம்பழம்' என்றும், கைப்பேசி காட்டுவது 482913 என்றும் வைத்துக்கொள்வோம். கட்டத்தில் 'மாம்பழம்482913' என்று அடிக்க வேண்டும். ஜாகா அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பார். பதிவாளர் கடைசி 6 இலக்கத்தை வெட்டி எடுத்துப் பின் கணக்கைச் சரிபார்ப்பார், மிச்சத்தை ஊழியர் பட்டியலில் உள்ள கடவுச்சொல்லோடு ஒப்பிடுவார். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே 'விடு'.

கேட்கச் சுலபம். நானும் ஒரு சனிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அரைத்த மாவில் அரிசி எங்கே?

முதல் நாள் யாராலும் உள்ளே போக முடியவில்லை, நான் உட்பட. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் புரிந்தது.

கடவுச்சொல்லை ஜாகா கொண்டுபோகும் விதத்தில் பல வகை உண்டு. எங்கள் கருவியில் இருந்தது எம்எஸ்-சாப் என்ற வகை. அதில் கடவுச்சொல்லே பதிவாளரிடம் போகாது. அதை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடைதான் போகும். பதிவாளரும் தன்னிடம் உள்ளதை வைத்து அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவார். வழியில் ஒட்டுக்கேட்பவருக்குக் கடவுச்சொல் நேராகக் கிடைக்காது என்பது அதன் நோக்கம். ஆனால் எனக்கு அது உதவாது. இட்லிக்கு அரைத்த மாவைக் கொடுத்து, "இதிலிருந்து உளுந்தை மட்டும் தனியா எடு" என்றால் முடியுமா? கடவுச்சொல்லும் பின்னும் ஒன்றாக அரைபட்டுப் போனபின் எந்தப் பதிவாளராலும் பிரிக்க முடியாது.

ஆகவே பாப் என்ற இன்னொரு வகைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதில் அரிசியும் உளுந்தும் ஒரே பையில், ஆனால் முழுசாக வரும், பிரிக்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. முழுக் கடவுச்சொல்லும் பதிவாளர் கைக்குப் போகிறது. வழியில் ரேடியஸ் அதைப் போர்த்தித்தான் அனுப்பும். ஆனால் அந்தப் போர்வை எம்டி5 என்ற பழைய முறையில் நெய்தது. ஜாகாவுக்கும் பதிவாளருக்கும் இடையே உள்ள இரகசியச் சொல் பலவீனமாக இருந்தால் போர்வை கிழிந்துவிடும். அதனால் இரண்டு கருவிகளையும் ஒரே அறையில், வேறு யாரும் தொடாத தனி இணைப்பில் வைத்தேன். இரகசியச் சொல்லை நீளமாக, யாருக்கும் பொருள் புரியாத எழுத்துகளாக மாற்றினேன்.

இதைப் படிக்கும் இளம் பொறியாளர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் சிலர் ப்ளாஸ்ட்ரேடியஸ் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். ஜாகாவுக்கும் பதிவாளருக்கும் நடுவில் புகுந்துகொள்பவர், பதிவாளர் 'விடாதே' என்று சொன்னதை 'விடு' என்று மாற்றிவிட முடியும் என்று காட்டினார்கள். கடவுச்சொல்கூடத் தெரியவேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் பழைய ரேடியஸ் இருந்தால் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொரு செய்தியிலும் 'மெசேஜ்-ஆதன்டிகேட்டர்' என்ற முத்திரையைக் கட்டாயமாக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

மாதக் கடைசி

பாப் வகைக்கு மாற்றியதும் வேலை செய்தது. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் பின்னுக்கு மாற்ற முடியாது. ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் கைப்பேசியில் அழைத்து, செயலியை இறக்கி, கியூஆர் படத்தைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பின் வாங்கியவர்கள் பின்னோடும், வாங்காதவர்கள் வெறும் கடவுச்சொல்லோடும் வர வேண்டும். அதற்காகப் பதிவாளருக்கு நான் எழுதிய விதி இதுதான்:

கட்டத்தில் வந்ததன் கடைசி 6 எழுத்தும் இலக்கமாக இருந்தால், அதைப் பின் என்று எடுத்து வெட்டு. இல்லையென்றால் மொத்தமும் கடவுச்சொல்.

எழுதிவிட்டு எனக்கே ஒரு பெருமை. இரண்டு தரப்பையும் ஒரே வரியில் சமாளித்துவிட்டேன் என்று நினைப்பு.

இரண்டு வாரம் அமைதியாகப் போனது. அந்த வாரம் அலுவலகக் கொள்கைப்படி எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டிய வாரம். மாற்றினார்கள். மறுநாள் மாதக் கடைசி. காலை 9 மணிக்கு அக்கா அழைத்தார்.

"தம்பி, பசியாறிட்டியா? உள்ள போக முடியலப்பா."

சம்பளக் கணக்கு முழுவதும் அக்கா கையில்தான். அன்று மாலைக்குள் சம்பளப் பட்டியலை முடித்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். அக்கா இன்னும் பின் வாங்கவில்லை, அவருடைய கைப்பேசி பழையது என்பதால் அவரைக் கடைசியாக வைத்திருந்தேன்.

"கேப்ஸ் லாக் பாருங்க, அக்கா."

"பார்த்தேன்."

"மெதுவா அடிச்சுப் பாருங்க."

அடித்தார். வரவில்லை. 5 முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தோம், பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டேன். மறுபடி 5 முறை, மறுபடி பூட்டு. பதிவாளர் 'விடாதே' என்று மட்டும் சொல்வார், எது தப்பு என்று சொல்ல மாட்டார். சொன்னால் திருடனுக்கு உதவியாகிவிடும் என்பதால் அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் நல்லவர் வாசலில் நிற்கும்போதும் அவருக்கு அதே மௌனம்தான்.

மூன்றாவது முறை பூட்டியபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். "அக்கா, நேத்துதானே பாஸ்வர்ட் மாத்தினீங்க, மறந்துட்டீங்களோ என்னமோ. யாராவது சின்னப் பிள்ளைங்களை விட்டு அடிக்கச் சொல்லுங்களேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நான் தட்டச்சு மெஷின்ல வேலை பழகினவ. நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே இந்தச் சம்பளத்தை நான் போட்டுக்கிட்டிருந்தேன். நான் அடிக்கிறது சரிதான்."

நேரம் பதினொன்றரை. லோரி ஓட்டுநர்கள் நோய்க்குப் பயந்தும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். வீட்டில் மனைவிக்கோ பிள்ளைக்கோ வேலை போயிருந்ததால் இந்தச் சம்பளத்தை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களும் உண்டு. சம்பளக் காலம் முடிந்த 7-ஆவது நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் வீட்டு வாடகையும் கார் கடனும் 7-ஆம் தேதி வரை காத்திருக்காது. அக்காவால் அலுவலகத்துக்கு வரவும் முடியாது, வீட்டில் வயதான அம்மா.

முதலாளியும் அழைத்துவிட்டார். "இன்னைக்கு மட்டும் அந்தப் பின்னைத் தூக்கிடேன்."

தூக்கத்தான் போனேன். தூக்குவதற்கு முன் ஒரே ஒருமுறை பதிவாளர் என்ன செய்கிறார் என்று பார்ப்போமே என்று, ஃப்ரீரேடியஸை அதன் சோதனை முறையில் ஓடவிட்டேன். அந்த முறையில் சர்வர் ஒவ்வொரு அடியையும் திரையில் எழுதிக்காட்டும். அக்காவை இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன்.

திரையில் அக்காவின் கடவுச்சொல் முழுசாக வந்து நின்றது. ஒரு சொல், அதன்பின் 6 இலக்கம். அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கம், அதாவது பிறந்த தேதி. அடுத்த வரியில் என் விதி அந்த 6 இலக்கத்தையும் பின் என்று எண்ணி வெட்டி எடுத்திருந்தது. மிச்சமிருந்த அரைக் கடவுச்சொல்லை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டது. எப்படிப் பொருந்தும்? காலையிலிருந்து அக்கா ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் அடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பாதியை வெட்டி எறிந்தது நான்.

அதைவிடப் பெரிய ஓட்டை

அக்காவின் பெயருக்கு மட்டும் விதிவிலக்கு எழுதினால் 2 நிமிடத்தில் முடிந்திருக்கும். எழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பின் வாங்காத ஒருவர் அடித்ததைப் பின் என்று இந்த விதி நினைத்துக்கொண்டது. அப்படியென்றால் பின் வாங்கிய ஒருவர் பின்னே அடிக்காமல் வந்தால் என்ன நினைக்கும்?

அலுவலகத்தில் முதலில் பின் வாங்கியவன் நான். என் பெயரைப் போட்டேன். கடவுச்சொல்லை மட்டும் அடித்தேன், பின் இல்லாமல். என் கடவுச்சொல் இலக்கத்தில் முடியாது.

கதவு திறந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வாரமாக ஊர் முழுக்க இரண்டாவது பூட்டுப் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பூட்டு விருப்பப் பாடமாக இருந்திருக்கிறது. பின் அடித்தால் சரிபார்க்கும், அடிக்காவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிடும். விடியற்காலை 3 மணிக்கு ஊகித்துக்கொண்டிருந்தவருக்கு வாசல் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

நான் செய்த தவறு ஒன்றுதான். வந்தவர் யார் என்று பார்த்து முடிவெடுக்காமல், அவர் என்ன அடித்தார் என்ற வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னேன். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது வாசலில் நிற்பவர். எந்தப் பூட்டைத் திறப்பது என்ற உரிமையை வருபவனிடமே கொடுத்தால் அது பூட்டாகாது.

விதியை மாற்றி எழுதினேன். முதலில் பெயரைப் பார். அந்தப் பெயர் பின் வாங்கியவர் பட்டியலில் இருந்தால், கடைசி 6 எழுத்தும் இலக்கமாக இருந்தே ஆக வேண்டும், அதற்கு முன்னால் கடவுச்சொல்லும் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அங்கேயே 'விடாதே'. பெயர் பட்டியலில் இல்லையென்றால் எதையும் வெட்டாதே, மொத்தமும் கடவுச்சொல். இந்த இரண்டாவது வழி ஒரு குறிப்பிட்ட தேதிவரைதான், அதன்பின் பட்டியலில் இல்லாதவருக்கு வாசலே கிடையாது.

மதியம் ஒன்றேகாலுக்கு அக்கா உள்ளே போனார். மாலை 4 மணிக்குச் சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போனது. அன்றிரவு உட்கார்ந்து இரண்டு வாரப் பதிவேட்டையும் வரிவரியாகப் பார்த்தேன். அந்நியர் நுழைவு எதுவும் இல்லை. அது என் திறமையல்ல, அதிர்ஷ்டம்.

அக்கா கேட்ட கேள்வி

மறுநாள் அக்காவை அழைத்தேன். "அக்கா, நீங்க அடிச்சது சரி. நான் எழுதினதுதான் தப்பு. சின்னப் பிள்ளைங்களை விட்டு அடிக்கச் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க." இன்னொன்றையும் மறைக்க முடியவில்லை. "தப்பைத் தேடும்போது உங்க பாஸ்வர்டைத் திரையில பார்த்துட்டேன். ஐசி நம்பர் இருக்கு அதுல. இன்னைக்கே மாத்திடுங்க."

அக்கா கோபப்படவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "அப்படின்னா இத்தனை நாளும் எல்லாரோட பாஸ்வர்டையும் நீ பார்க்கலாமா?"

நேர்மையான பதில் 'ஆமாம்' என்பதுதான். கடவுச்சொல் முழுசாக வந்து சேரும் எந்தச் சர்வரிலும், அதை நடத்துபவர் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். சேமித்து வைக்கும்போது யாருக்கும் புரியாத வடிவில் வைத்தாலும், வந்து சேரும் அந்தக் கணத்தில் அது வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அக்காவின் கேள்விக்குப் பிறகு சில பழக்கங்களை நான் கட்டாயமாக்கிக்கொண்டேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

ஒன்று, சோதனை முறையில் ஓடவிடும்போது சோதனைக்கென்று வைத்த கணக்கையே பயன்படுத்துவது. வேறு வழியே இல்லாமல் ஊழியரின் கணக்கைத் தொட்டால், அவரிடம் முன்பே சொல்லிவிடுவது, முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வது.

இரண்டு, தவறாக அடித்த கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதைத் திறக்கவே கூடாது. தவறான கடவுச்சொல் பெரும்பாலும் சரியானதிலிருந்து ஓர் எழுத்துதான் தள்ளியிருக்கும்.

மூன்று, பின்னை முதலில் சரிபார்ப்பது, அது சரியாக இருந்தால் மட்டுமே கடவுச்சொல்லைப் பட்டியலோடு ஒப்பிடுவது. இணையம் விட்டு விட்டு வரும் வீடுகளில், கணினி பழைய பின்னையே தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பும். பின்னை முதலில் பார்த்தால் அதற்காக ஊழியரின் கணக்கு பூட்டிக்கொள்ளாது. பின்னைத் தவறாக அடிப்பதற்குத் தனி வரம்பு வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பின்னை மறுபடி ஏற்கவும் கூடாது.

நான்கு, சர்வரின் கடிகாரம். பின் என்பதே நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. சர்வர் ஒரு நிமிடம் பிந்தி ஓடினாலே எல்லோருடைய பின்னும் தப்பாகத் தெரியும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு வேண்டும். அடிக்கத் தாமதமாகும் கைகளுக்காக முந்தைய 30 வினாடியின் எண்ணையும் ஏற்கலாம்.

ஐந்தாவதுதான் முக்கியம். பூட்டுப் போட்டவன், சரியான சாவி இருக்கிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு எழுந்துபோகக் கூடாது. சாவியே இல்லாமல் வந்தால் என்ன, பாதிச் சாவியோடு வந்தால் என்ன, இலக்கத்தில் முடியும் கடவுச்சொல்லோடு வந்தால் என்ன என்று ஒவ்வொன்றையும் தானே அடித்துப் பார்க்க வேண்டும். கதவு திறக்கிறதா என்று நான் பத்து முறை பார்த்தேன். திறக்கக் கூடாத நேரத்தில் மூடியிருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சில வார்த்தை. அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கம் உங்கள் பிறந்த தேதி. கடை, மருந்தகம், பிள்ளையின் பள்ளிப் பாரம் என்று எத்தனையோ இடத்தில் அதை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஊருக்கே தெரிந்ததைக் கடவுச்சொல்லாக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை ஏமாற்றுக்காரர்கள் பறித்துவிடுகிறார்கள் என்பதால்தான், 2022-இல் பேங்க் நெகாரா அந்த முறையைவிட்டு வங்கிகளை வெளியே வரச் சொன்னது. சிங்கப்பூரிலும் 2024-இல், கைப்பேசிச் செயலியில் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி எண்ணைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். எந்த முறையானாலும், திரையில் தெரியும் எண்ணை அழைப்பில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். அதைக் கேட்பது வங்கி ஊழியராகவோ கணினிப் பிரிவுத் தம்பியாகவோ இருந்தாலும் கூடாது. நானே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றுதான் எங்கள் ஊழியர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த வாரமே அக்கா மகனின் பழைய திறன்பேசியை வாங்கிக்கொண்டு பின் போட்டுக்கொண்டார். சொல்லித்தர 15 நிமிடம் ஒதுக்கியிருந்தேன், 5 நிமிடத்தில் முடிந்தது. முதல்முறை பின்னோடு உள்ளே போனதும் என்னை அழைத்தார்.

"தம்பி, இப்ப நான் அந்த நம்பரை அடிக்காம விட்டா உள்ள விடுமா?"

"விடாது, அக்கா."

"அடிச்சுப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன், அக்கா."

"நானும் பார்த்துட்டேன்லா" என்று சிரித்தார். "விடல."